பெயர் சொல்லாத பிரிவுபசாரம்

விட்டில்கோம்பில் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இங்கிலாந்தில், டோர்செட் பக்கம், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் கிடக்கிற சின்ன ஊர் அது. ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றால் "இங்க லேசா காத்து வருதுல்ல?" என்பார்கள். வந்த விருந்தாளி கிளம்ப வேண்டுமென்றால் "நாளைக்கு உங்களுக்கு நிறைய வேலை இருக்குமே" என்பார்கள். உங்கள் யோசனையைக் கேட்டு "ரொம்ப சுவாரசியமா இருக்கே" என்று யாராவது சொன்னால், அந்த யோசனைக்கு அன்றே கருமாதி. ஏன் ஐயா, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நாம் கேட்போம். அவர்கள் அதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த நாகரிகத்தில் கரை கண்டவர் கிளெமென்ட் வாட்லிங். பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்த் தேவாலயத்தின் பாடகர் குழுவை ஆண்டாண்டு காலமாக நடத்துகிறவர். அவருக்கு ஒரு வெறி உண்டு. ஒன்றைச் சொல்லாமல் சொல்வதற்கு 'இம்ப்ளை' என்று ஒரு சொல். சொல்லாததைக் கேட்பவர் உய்த்துணர்ந்துகொள்வதற்கு 'இன்ஃபெர்' என்று இன்னொரு சொல். இரண்டையும் யாராவது மாற்றிச் சொல்லிவிட்டால் மனிதருக்குத் தூக்கம் வராது. "ஊட்டுறவன் வேற, முழுங்குறவன் வேற! ஊட்டுறவன் இம்ப்ளை பண்றான், முழுங்குறவன் இன்ஃபெர் பண்றான்!" என்று ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் மண்டையிலும் அடித்து இறக்கியவர். ஒருமுறை மீன்கடைக்காரர் கோபத்தில், "என் மீன் பழசுன்னு இன்ஃபெர் பண்றீங்களா, சார்?" என்று கேட்டுவிட்டார். "இல்ல. நான் இம்ப்ளை பண்றேன். இன்ஃபெர் பண்ண வேண்டியது நீங்க" என்று திருத்திவிட்டு, மீன் வாங்காமலே வந்துவிட்டார் கிளெமென்ட். அந்த நல்ல மனுஷன் இன்னும் அவருக்கு வணக்கம் சொல்கிறார் என்பதுதான் ஆச்சரியம்.

அந்த வருஷம் நவம்பரில் கிளெமென்டுக்கு ஒரு பெரிய தலைவலி வந்தது. தலைவலியின் பெயர் மியூரியல் ஸ்டோக்ஸ்.

விட்டில்கோம்பின் கிறிஸ்துமஸ் ஆராதனை சுற்றுவட்டாரத்தில் பேர்போனது. விளக்கெல்லாம் அணைத்துவிட்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாடுவார்கள். கடைசிப் பாட்டின் கடைசிச் சரணத்தில், ஊரே சேர்ந்து கீழே பாட, ஒரு பெண்குரல் மட்டும் மணிக்கூண்டின் அடியில் தனியாக நின்று எல்லோருக்கும் மேலே ஏறும். கூரையைத் தொட்டுவிட்டு இறங்கும். கேட்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து கார் போட்டு வருவார்கள். அந்தக் குரல் மியூரியலுடையது. பல் மருத்துவராக இருந்தவர்; "வலியே தெரியாது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே பாதி ஊரின் கடைவாயைக் காலி பண்ணியவர். கொஞ்ச காலமாகவே தேய்ந்து வந்த அந்தக் குரல்தான் இப்போது அடியோடு போய்விட்டது. உச்சிக்கு ஏறும்போது காணாமலே போகிறது. மியூரியலின் வாய் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. கிளெமென்ட் கையை உயர்த்தியபடி, இப்போது வரும், இப்போது வரும் என்று காத்து நிற்பார். கீழே பாடுகிறவர்கள் மூச்சு முட்டி முகம் சிவந்துபோவார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று இது நடந்தால் என்ன ஆகும்? "கிளெமென்டோட குழுவா? ஹும், ஒரு காலத்துல" என்பார்கள். பள்ளிக்கூட வேலை முடிந்த பிறகு அவருக்கென்று மிச்சமிருப்பது அந்தக் குழு ஒன்றுதான். அதற்காகத்தான் காலையில் சவரமே செய்துகொள்கிறார். ஆகவே மியூரியல் போக வேண்டும், கிறிஸ்துமஸுக்கு முன்னால் போக வேண்டும், யாரும் போகச் சொல்லாமல் தானாகப் போக வேண்டும். இதைச் செய்து முடிக்கத் தன்னைவிடத் தகுதியான ஆள் இந்தத் தீவிலேயே இல்லை என்று கிளெமென்ட் மனதார நம்பினார்.

வியாழக்கிழமைப் பயிற்சி முடிந்து எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தார்.

"மியூரியல், அந்த மணிக்கூண்டுக்குக் கீழ பயங்கரக் குளிரா இருக்குமே. பாவம், இவங்களப் போயி வருஷா வருஷம் அங்க நிக்க வைக்கிறோமேன்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன்."

"எனக்கென்ன, கிளெமென்ட், உள்ள ரெண்டு கம்பளி போட்டுக்குவேன். எனக்கு உங்களப் பத்திதான் கவலை. அவ்ளோ நேரம் நின்னுக்கிட்டே கைய வீசணும். தோள்பட்டை வலிக்காது?"

"என் தோளுக்கு ஒரு கேடும் இல்ல."

"சந்தோஷம்" என்றார் மியூரியல். பொத்தானைப் போட்டுக்கொண்டே, "எங்க அக்கா வீட்டுக்காரரும் ப்ரிஸ்டல்ல ஒரு குழு நடத்திட்டு இருந்தாரு. போன வருஷம் விட்டுட்டாரு. இப்ப ரோஜா வளக்கறாரு. அப்படி ஒரு நிம்மதியாம்!" என்றார்.

"ரோஜா நல்ல விஷயம்" என்றார் கிளெமென்ட், அழுத்தி.

"ரொம்ப நல்ல விஷயம்" என்றார் மியூரியல், அதைவிட அழுத்தி.

வீடு வரும்வரை கிளெமென்ட் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். ஆகா, அம்மாளுக்கு அலுத்துவிட்டது. ஓய்வுக்கு ஏங்குகிறாள், ரோஜாவுக்கு ஏங்குகிறாள். ஒரு சின்னத் தள்ளு தள்ளினால் போதும்.

மற்றவர்களும் அவருக்கு ஆதரவாகத்தான் தெரிந்தார்கள். அந்த உச்சி இடம் வரும்போதெல்லாம் குழுவே தரையைப் பார்த்தது. மியூரியலுக்காக வெட்கப்படுகிறார்கள், நல்ல பிள்ளைகள் என்று எண்ணிக்கொண்டார். கட்டைக்குரலில் பாடுகிற டெஸ்மண்ட் ஒருநாள் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"கிளெமென்ட், அந்தக் கடைசி இடம் கொஞ்சம்... நீளுதோ?"

"வேணும்னுதான் நீட்டுறேன். ஒரு தெய்வீக உணர்வு வரட்டும்னு."

"ஓ, அப்படியா! ரொம்ப சுவாரசியமா இருக்கே."

கிளெமென்டுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அந்த ஊரில் என்ன அர்த்தம் என்று நாலு தலைமுறைக்குப் பாடம் எடுத்தவர்தான். ஆனால் தன்னைப் பார்த்துச் சொல்லும்போது மட்டும் அது அகராதி அர்த்தத்துக்குத் திரும்பிவிடும் போலிருக்கிறது.

அடுத்து தேவாலயத்தை நடத்துகிற ஆயரம்மா பிலிப்பாவைப் பார்க்கப் போனார். நல்ல பெண்மணி, ஒருவர் மனமும் நோகக் கூடாது என்று நினைத்து நினைத்தே வயிற்றுப்புண் வாங்கியவர். தேநீர் வந்தது. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு கிளெமென்ட் கோப்பையை வைத்தார்.

"ஒரு தர்மசங்கடமான விஷயம், பிலிப்பா. நம்ம குழுவுல, ரொம்ப காலமா, எல்லாத்தையும் தாங்கிப் பிடிச்ச ஒரு ஆள்..."

பிலிப்பாவின் கையிலிருந்த பிஸ்கட் அந்தரத்தில் நின்றது.

"வயசுன்னு ஒண்ணு இருக்கு. முந்தி மாதிரி இல்ல. அந்த ஆளோட மனசுக்கும் அது தெரியாம இருக்காது. கௌரவமா, கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே, ஒரு நல்ல தேநீர் விருந்து வச்சு அனுப்பிடலாம்னு தோணுது."

"ஓ, கிளெமென்ட்!" ஆயரம்மாவின் கண்ணில் தண்ணீர். "இத நீங்களே வந்து சொல்றீங்களே! எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம எத்தனை ராத்திரி முழிச்சுக் கெடந்திருக்கேன், தெரியுமா?"

"உங்களுக்கும் அது தெரிஞ்சுதானே இருந்துச்சு?"

"எல்லாருக்குமே தெரியும். பெருந்தன்மை, கிளெமென்ட், பெருந்தன்மை! வேற வார்த்தை இல்ல."

ஆயரம்மா யாரை நினைத்துக் கண்கலங்கினார் என்பது உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். விளங்காத ஒரே ஆள் அந்தச் சோபாவில் உட்கார்ந்து, தன் சாமர்த்தியத்தை எண்ணி இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஊர்ப் படித்தவர்கள் தங்களைப் பற்றிப் பேசும்போதே யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார்கள். நான் என்று மார்தட்டுவது அங்கே அநாகரிகம். ஆகவே பிலிப்பாவுக்குச் சந்தேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிளெமென்டுக்குக் காது போய்க்கொண்டிருப்பது ஊருக்கே தெரியும். பேச்சு ஓரளவு பிடிபடும், அதிலும் எதிரே உதட்டைப் பார்த்தால் நன்றாகவே பிடிபடும். மேல் சுரங்கள்தான் அவர் காதில் ஏறுவதில்லை. மியூரியலின் குரல் எங்கேயும் போகவில்லை. எப்போதும் போலக் கூரையைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. அதைக் கேட்காத மனிதர் கையை உயர்த்தி நிற்க, கீழே பாவப்பட்ட ஜனங்கள் மூச்சுவிட வழியில்லாமல் தவித்தார்கள். இரண்டு வருஷமாக இதை ஒருவர்கூட அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்ல முடியுமா, நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே!

பரிசுக்காக ஓர் உறை குழுவைச் சுற்றி வந்தது. கிளெமென்ட் தானே கையில் எடுத்துக்கொண்டு போனார். யாருக்கு என்று உறையின் மேல் எழுதவில்லை. எழுதுவது அவருடைய கலைக்கே இழுக்கு. "யாருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை" என்று கண்ணைச் சிமிட்டுவார். "வேண்டாம், வேண்டாம், சொல்லவே வேண்டாம்" என்று எல்லோரும் பதறிக்கொண்டு பையில் கைவிடுவார்கள். டெஸ்மண்ட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். மியூரியலிடம் மட்டும் உறையை நீட்டாமல் மறைக்கப் பார்த்தார் கிளெமென்ட். அந்த அம்மாள் விடவில்லை. எட்டிப் பிடித்து, தாராளமாகவே போட்டார். பாவம், தன் பரிசுக்குத் தானே பணம் போடுகிறாள் என்று கிளெமென்டுக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. அதையும் சீக்கிரம் மறந்தார்.

மனைவி ஹெஸ்தருக்கும் விஷயம் எட்டியிருந்தது. டிவியில் ஏதோ தோட்டக்கலை நிகழ்ச்சி அலறிக்கொண்டிருந்தது.

"இந்த ஆள் சொல்ற உரக்கணக்கு தெரு முழுக்கப் பிரயோஜனப்படும் போல இருக்கே" என்றாள் அவள்.

"ஆமாமா, நல்ல நிகழ்ச்சி."

ஹெஸ்தர் பெருமூச்சு விட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பிலிப்பா சொன்னாங்க. நீ நல்லா யோசிச்சுத்தான் செய்யறியா? அப்புறம் வருத்தப்பட மாட்டியே?"

"வருத்தமா? செய்ய வேண்டியத செய்யறேன். யாராவது ஒருத்தர் துணிஞ்சு செய்யணும்ல?"

அவள் அவர் நெற்றியில் முத்தமிட்டாள். கல்யாண நாளுக்குக்கூட அவள் அப்படிச் செய்து வெகுகாலம். "உன்ன நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு, கிழவா. வியாழக்கிழமைகள்ல நாம எங்கயாவது வெளிய போகலாம்."

வியாழக்கிழமை பயிற்சி நாள், அன்றைக்கு எப்படி வெளியே போவது? கிளெமென்ட் ஒரு கணம் புருவத்தைச் சுருக்கினார். பெண்பிள்ளைக்கு நாள் மறந்துவிட்டது என்று முடிவு கட்டினார். மியூரியலின் பாட்டு இவளுக்கும் பிடிக்காமல்தான் இருந்திருக்கிறது, பாருங்களேன்! அப்படியே ஒன்றும் ஒன்றும் மூன்று என்று கூட்டி முடித்துத் தூங்கப் போனார்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை மத்தியானம் சபை மண்டபத்தில் தேநீர் விருந்து. வந்த கூட்டத்தைப் பார்த்துக் கிளெமென்டுக்கே வியப்பு. அவருடைய பழைய மாணவர்கள்கூட வந்திருந்தார்கள். மியூரியலுக்கு இவ்வளவு செல்வாக்கா? மேடையருகே, சாய்ந்து படுக்கிற தோட்ட நாற்காலி ஒன்று சிவப்பு ரிப்பன் கட்டி நின்றது. பரிசைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆயரம்மாவிடம் விட்டிருந்தார். ரோஜாவுக்கு நடுவே போட்டுக்கொள்ளத் தோதாக இருக்கும் என்று மனதுக்குள் பாராட்டினார்.

கோப்பையைக் கரண்டியால் தட்டிவிட்டு எழுந்தார். ஒரு பேரையும் உச்சரிக்காமல் ஒரு முழுப் பிரிவுரை. அவருடைய வாழ்நாள் கலையின் சிகரம்.

"உயரத்தத் தொட்டவங்களுக்குத் தெரியும், உயரத்துல என்னைக்குமே நிக்க முடியாதுன்னு. கை தட்டுறப்பவே எறங்கறதுதான் அழகு. நம்ம மத்தியில அப்படி ஒரு ஆள் உண்டு. இத்தன வருஷமா இந்தக் குழு எதை வச்சு அடையாளம் காணப்பட்டுச்சோ, அந்த ஆள். சொல்லாமலே புரிஞ்சுக்கிற நுட்பம் உள்ள ஆள். சொல்ல வச்சு நம்மள சங்கடப்படுத்தாத ஆள். அதுக்காகவே நாம தலை வணங்கணும்."

மண்டபத்தில் மூக்கு உறிஞ்சும் ஓசை. மியூரியல் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். ஆஹா, வலிக்காமல் பிடுங்கிவிட்டேன் என்று கிளெமென்டின் நெஞ்சு விம்மியது. நாற்காலியை நோக்கிக் கையைக் காட்டினார்.

மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. கைதட்டல் ஓயவில்லை. பிலிப்பா ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்தார், டெஸ்மண்ட் மறுகையைப் பிடித்தார், இருவருமாக அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சாய்மானம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள் போலும். கிளெமென்ட் உட்கார்ந்து, சாய்ந்து, தலையை ஆட்டினார்.

"தன்னப் பத்தித் தானே இவ்ளோ அழகா, இவ்ளோ அடக்கமா ஒருத்தர் விடைபெற்று நான் கேட்டதே இல்ல" என்றார் பிலிப்பா. "கிளெமென்ட், உங்க எடத்த நிரப்ப யாராலயும் முடியாது. ஆனா கிறிஸ்துமஸ் நெருங்கிடுச்சே. நம்ம மியூரியல் அதுவரைக்கும் பார்த்துக்கறேன்னு ஒத்துக்கிட்டாங்க."

கிளெமென்டின் முகம் எப்படி இருந்தது என்கிறீர்கள்? முதலில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு காது மடல் சிவந்தது. வாயைத் திறந்தார். ஐயோ, இது நானில்லை, அவள்! ஒரே வரி, அதைச் சொன்னால் குழு பிழைக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் ஊர் முன்னால், மியூரியலின் முகத்துக்கு நேரே, பேரைச் சொல்லி, விரலை நீட்டி, உன்னைத்தான் துரத்த வந்தேன் என்று சொல்ல வேண்டும். அறுபத்தெட்டு வருஷத்தில் அவர் வாய் அப்படியொரு வாக்கியத்தைப் பெற்றதில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கல்லாம் ரொம்ப அன்பானவங்க" என்றார் கிளெமென்ட்.

முடிந்தது கதை. குழு கையைவிட்டுப் போயிற்று.

அவரைக் கௌரவிக்க அந்தக் கடைசிச் சரணத்தைப் பாடினார்கள். நடத்துவதற்கு யாருமில்லை, மியூரியல் தலையை மட்டும் அசைத்தார். பாட்டு சரசரவென்று ஓடியது. இவ்வளவு வேகமாகவா இதைப் பாடுவார்கள் என்று கிளெமென்ட் திகைத்தார். உச்சி வந்தது. மியூரியலின் வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இன்றைக்குத்தான் அவர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டாமலும், தாளைப் பார்க்காமலும், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தார். எதிர்வரிசையில் ஒரு பெண் கண்களை மூடிக்கொண்டாள். ஒரு குழந்தை அண்ணாந்து கூரையைப் பார்த்தது. மியூரியலின் வாய் மூடிய அதே நொடியில் அத்தனை முகங்களும் ஒன்றாக இறங்கின. அங்கே ஒரு குரல் இருந்திருக்கிறது. எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. தன்னைத் தவிர எல்லோருக்கும். கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸாக அந்தக் குரலுக்காகவே உயிர்வாழ்ந்த மனிதர் அவர். இனி அது அவருக்குக் கிடையாது.

எல்லோரும் தேநீருக்குக் கலைந்தார்கள். மியூரியல் ஒரு தட்டில் கேக் துண்டோடு வந்து பக்கத்தில் குனிந்தார். மியூரியலே செய்த கேக்தான்.

"மியூரியல்" என்றார் கிளெமென்ட். "நீங்க மேல போனது எனக்குக் கேக்கல."

"தெரியும்."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"அடக் கடவுளே. ஒருத்தராவது என்கிட்ட நேரா சொல்லியிருக்கக் கூடாதா? நீங்களாவது?"

மியூரியல் தட்டை அவர் மடியில் வைத்தார். தன் உதட்டை அவர் படிக்கத் தோதாக முகத்துக்கு நேரே வந்து, நிதானமாகச் சொன்னார்: "நீங்க என்கிட்ட நேரா சொன்னீங்களா, கிளெமென்ட்?"

கிளெமென்ட் தட்டைப் பிடித்துக்கொண்டார். "அப்ப... இது யாருக்கு வச்ச விருந்துன்னு உங்களுக்கு..."

"குளிரப் பத்திப் பேசினீங்களே, அன்னைக்கே தெரியும். மத்தவங்கதான் தப்பா எடுத்துக்கிட்டாங்க. எடுத்துக்கிட்டது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு, நான் திருத்தல. திருத்தியிருந்தா உங்க மூக்குதானே உடைஞ்சிருக்கும்?" மியூரியல் நிமிர்ந்தார். சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி, பழைய இனிமையோடு, "கேக் எப்படி இருக்கு?" என்றார்.

கிளெமென்ட் ஒரு விள்ளல் வாயில் போட்டார். மென்றார். விழுங்கச் சிரமப்பட்டார். ஆயரம்மா, டெஸ்மண்ட், ஹெஸ்தர் எல்லோரும் சிரித்த முகத்தோடு அவரைப் பார்த்திருந்தார்கள்.

"காஞ்சு வறண்டு போயிருக்கு" என்றார் உரக்க. "தொண்டையில எறங்க மாட்டேங்குது. நல்லாவே இல்ல."

பிலிப்பாவின் கை வயிற்றுக்குப் போயிற்று. டெஸ்மண்ட் தன் கோப்பைக்குள் எதையோ தேடினார். கடைசியில் ஹெஸ்தர்தான், வெளியே மழை விட்டுவிட்டது போலிருக்கிறதே, கிளம்பலாமே என்று அவர் கோட்டை எடுத்து வந்தாள்.

இரண்டு வருஷம் மூச்சுத் திணற வைத்ததை விட்டில்கோம்ப் அவருக்கு எப்போதோ மன்னித்துவிட்டது. கேக் விஷயத்தை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. மனுஷன் கடைசிக் காலத்தில் கொஞ்சம் நிதானம் தவறிவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்கள், அவர் இல்லாத இடமாகப் பார்த்து.